ஜப்பான்: ஒரு நூற்றாண்டின் நூல் கணக்கு

1968 அக்டோபரில் யசுநாரி கவாபட்டாவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய உரை ஜப்பானிய அழகுணர்வைப் பற்றியது. ஜென் துறவிகளின் கவிதைகள், தேநீர்ச் சடங்கு, ஒற்றைப் பூவை வைக்கும் விதம், வெறுமை. நம் வட்டாரத்தில் ஜப்பான் என்ற பெயர் எழுந்தால் மனசில் வரும் சித்திரம், நேராகவோ சுற்றிவந்தோ, அந்த உரையிலிருந்து வந்ததுதான். மூன்று வரி எழுதினால் ஹைக்கூ என்று நாம் கொண்டது மட்டும் கவாபட்டாவின் குற்றமல்ல.

அதே 1968ல் வேறு சில காரியங்களும் நடந்தன. ஜப்பானின் மொத்த தேசிய உற்பத்தி மேற்கு ஜெர்மனியை முந்தி, முதலாளித்துவ நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. அக்டோபர் 23ம் தேதி அரசாங்கம் மெய்ஜி மாற்றத்தின் நூற்றாண்டைக் கொண்டாடியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஜனங்களின் நரம்புகளைத் தின்ற நோய்க்கு அங்குள்ள சிஸ்ஸோ ரசாயன ஆலையின் பாதரசக் கழிவே காரணம் என்று அதே அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956ல்; பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஷிகெமி யமமோட்டோ என்பவர் பட்டாலைகளில் வேலை செய்த கிழவிகள் சில நூறு பேரைத் தேடிப்போய்ப் பேசி எழுதிய ‘ஆ! நொமுகி கணவாய்’ வெளிவந்ததும் அந்த வருஷம்தான். அக்டோபரிலும் நவம்பரிலும், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நான்கு நகரங்களில் நான்கு பேரைச் சுட்டுக்கொன்றான்.

இவையெல்லாம் ஒரு வருஷத்தின் தற்செயல்கள் என்று விட்டுவிடலாம். எனக்கு விட மனமில்லை.

நம்மிடம் இன்னொரு ஜப்பானும் இருக்கிறது. கல்லூரி ஆண்டுவிழாப் பேச்சுகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் வருவது. அங்கே ஜப்பானியன் பிறவி உழைப்பாளி. செருப்பு ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் வேலையை நிறுத்தமாட்டான், இடதுகால் செருப்பாகச் செய்து குவிப்பான் என்று ஒரு கதை உண்டு. இதைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் நம் ஊரில் குறைவு. நடந்ததற்கு ஒரு சான்றையும் நான் கண்டதில்லை. ஒரு ஜப்பான் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு ஜப்பான் இயந்திரத்தின் முன் நிமிராமல் நிற்கிறது. இரண்டும் எதிரெதிர் என்று தோன்றினாலும் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே சோம்பல்: ஒரு ஜனத்தொகுதி ஆனதையெல்லாம் அதன் குணத்தில் ஏற்றிவிடுவது. குணம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் சரித்திரம் வேண்டியதில்லை. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கவும் வேண்டியதில்லை.

இந்தப் பிறவி உழைப்பாளியை 19ம் நூற்றாண்டில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. 1857ல் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த டச்சு அதிகாரி கட்டென்டைக், சொன்ன நேரத்துக்கு எதுவும் வந்து சேருவதில்லை என்று புலம்பி எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வெளிநாட்டாரின் குறிப்புகளில் ஜப்பானியத் தொழிலாளி மெத்தனக்காரன்தான். அவர்கள் பார்வையில் இருந்த இளக்காரத்தைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. மணிக்கூண்டுக்குக் கட்டுப்படும் உழைப்பு அங்கே இயற்கையாக விளைந்ததில்லை. பட்டைப்போல அதுவும் உற்பத்தி செய்யப்பட்டது. எங்கே, யாரை வைத்து, எந்தச் செலவில் என்பதுதான் என் விஷயம்.

1868ல் அதிகாரத்துக்கு வந்தவர்களிடம் இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, மேற்கத்தியக் கப்பல்கள். 1853ல் பெர்ரியின் கப்பல்கள் வந்ததிலிருந்து எழுதி வாங்கப்பட்ட ஒப்பந்தங்களால் இறக்குமதிக்குச் சுங்கம் 5 சதத்தைத் தாண்ட முடியாது. முழுச் சுங்க உரிமை ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது 1911ல்தான். சுங்கச் சுவர் எழுப்பித் தொழிலை வளர்க்கும் வழி அடைபட்டிருந்தது. இரண்டாவது பயம், கடன். 1870லும் 1873லும் லண்டனில் இரண்டு கடன்கள் வாங்கியபின் கால் நூற்றாண்டுக்குக் கிட்ட அவர்கள் வெளியில் கை நீட்டவில்லை. கடன்பட்ட எகிப்து என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுங்கமும் இல்லை, கடனும் இல்லை என்றால் ரயிலுக்கும் பீரங்கிக்கும் பணம் எங்கிருந்து வரும்? கிராமத்திலிருந்துதான்.

1873ல் நிலவரிச் சட்டம். அதற்கு முன் விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாகக் கொடுத்துவந்த குடியானவன் இனி நிலத்தின் மதிப்பில் 3 சதத்தைப் பணமாகக் கட்டவேண்டும். மழை பொய்த்தாலும் நெல் விலை சரிந்தாலும் தொகை மாறாது. 1876ல் கிராமங்கள் கலகத்தில் இறங்கிய பிறகு அது 2.5 சதமாயிற்று. (1873ல் நாள்காட்டியையும் மாற்றினார்கள். பழைய கணக்கில் அந்த வருஷம் அதிகமாசம் உண்டு, உத்தியோகஸ்தர்களுக்குப் பதின்மூன்று சம்பளம் கொடுக்கவேண்டி வந்திருக்கும். சூரியக் கணக்குக்கு மாறியதில் அது மிச்சம். நவீனம் கஜானாவின் வழியாக வரும்போது இப்படித்தான் வரும்போலிருக்கிறது.) 1881ல் நிதி மந்திரியான மட்ஸுகட்டா, உள்நாட்டு யுத்தச் செலவுக்கு அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். விலைகள் விழுந்தன, வரி விழவில்லை. கடன்பட்ட சிறு குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். 1884 நவம்பரில் பட்டு விளையும் சிசிபு மலைக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் ஈட்டியும் பழைய துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு, கடன் பத்திரங்களைக் கொளுத்த இறங்கினார்கள். ராணுவம் சில நாட்களில் முடித்துவைத்தது. அதே சமயத்தில் அரசாங்கம் தான் நடத்திவந்த சுரங்கங்களையும் ஆலைகளையும் வேண்டியவர்களுக்கு விற்கத் தொடங்கியது. நாகசாகி கப்பல் தளம் மிட்ஸுபிஷிக்கு, மீய்கே நிலக்கரிச் சுரங்கம் மிட்ஸுயிக்கு. சுரங்கத்தோடு, அங்கே வேலை வாங்கப்பட்ட சிறைக் கைதிகளையும் சேர்த்து.

கிராமம் வரியாக ஒரு தரம் கொடுத்தது. இரண்டாம் தரம் கொடுத்தது மகள்களை.

1860களில் ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்தது. ஜப்பானின் முட்டைகளுக்கும் நூலுக்கும் திடீரென்று கிராக்கி. ஆனால் கையால் இழுத்த நூல் ஒரே சீராக இல்லை என்று வாங்குகிறவர்கள் குறை சொன்னார்கள். அரசாங்கம் 1872ல் டொமியோகாவில் ஒரு மாதிரி ஆலை கட்டியது. பிரெஞ்சுக்காரர் பால் ப்ரூனா மேற்பார்வை, பிரான்ஸிலிருந்து வந்த இரும்புச் சட்டங்கள், முந்நூறு பேர் உட்கார்ந்து நூல் இழுக்கும் தொட்டிகள். பெண்கள்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டார் சிவப்பு ஒயின் குடிப்பதைப் பார்த்தவர்கள், பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பியிருந்தார்கள். ஆகவே சாமுராய் குடும்பங்கள் தங்கள் மகள்களை அனுப்பவேண்டியதாயிற்று. அப்படிப் போனவர்களில் ஒருத்தி, பிற்பாடு வாதா எய் என்று அறியப்பட்டவர், வயதான காலத்தில் அந்த நாட்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தேசத்துக்காகப் போகிறோம் என்ற பெருமை அந்தப் பக்கங்களில் நிஜமாகவே இருக்கிறது. அதைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குக் கட்டுபடியாகும் சம்பளக் கணக்கு தொழிலில் இல்லை. டொமியோகா பெரும்பாலும் நஷ்டத்தில் ஓடியது. 1893ல் மிட்ஸுயிக்கு விற்கப்பட்டது.

ஜெயித்தது நகல். நாகனோவில் ஸுவா ஏரியைச் சுற்றியிருந்த சிறு முதலாளிகள் டொமியோகாவைப் பார்த்துவிட்டு வந்து அதையே மலிவாகச் செய்தார்கள். இரும்புக்குப் பதில் மரம், உலோகத் தொட்டிக்குப் பதில் மண்பாண்டம், நீராவி எஞ்சினுக்குப் பதில் ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரம். ஆலை கட்டும் செலவு பலமடங்கு குறைந்தது. என்னைக் கேட்டால் ஜப்பானியத் தொழில் வளர்ச்சியின் மேதமை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. டோக்கியோவின் திட்டங்களில் இல்லை, ஓகாயா கிராமத்துத் தச்சனிடம் இருக்கிறது. 1909ல் ஜப்பான் சீனாவைத் தாண்டி உலகிலேயே அதிகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. 1920களின் முடிவில் விவசாயக் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்துக்கு இரண்டு வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். யுத்தக் கப்பலும் இயந்திரமும் வாங்கிய டாலர்களில் பெரும்பகுதி அமெரிக்கப் பெண்களின் காலுறையாகப் போன நூலிலிருந்து வந்தது.

அந்த நூலை இழுத்தவர்கள் பன்னிரண்டிலிருந்து இருபது வயதுக்குட்பட்ட பெண்கள். ஹிதா மலைப்பகுதியின் ஏழைக் கிராமங்களிலிருந்து, குளிர்காலம் முடியும் முன்பே, 1,672 மீட்டர் உயரத்திலுள்ள நொமுகி கணவாயைப் பனியில் கடந்து ஸுவாவுக்கு நடந்து வருவார்கள். டிசம்பர் கடைசியில் அதே பனியில் திரும்புவார்கள். ஆள் பிடிக்க வந்தவரிடம் தகப்பன் முன்பணம் வாங்கி ஒப்பந்தத்தில் முத்திரை வைத்திருப்பான். வேலை இதுதான்: கொதிக்கும் தண்ணீரில் பட்டுக்கூடுகள் மிதக்கும், இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, நாலைந்து கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாகச் சுற்றவேண்டும். ஒரு கூடு தீர்ந்தால் நூல் மெலியும் முன் அடுத்ததைச் சேர்க்கவேண்டும். வெந்த புழுவின் நாற்றம், நீராவி, ஊறி வெளுத்த விரல்கள், பதின்மூன்று பதினான்கு மணி நேரம்.

இதில் ஒழுக்கம் எப்படி உற்பத்தியாயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அமெரிக்காவின் விசைத்தறிகளுக்கு நூல் சீராக இருக்கவேண்டும். அறுந்தால் தறி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பெண்ணின் நூலும் தினமும் சோதிக்கப்பட்டது: கனம், பளபளப்பு, எத்தனை கூட்டிலிருந்து எவ்வளவு நூல். ஆனால் மதிப்பெண்ணுக்குத் தக்க கூலி என்று நினைத்துவிடக்கூடாது. ஆலையின் மொத்தக் கூலி முன்பே நிர்ணயமானது. சராசரிக்கு மேலே இருப்பவளுக்குக் கூடுவது கீழே இருப்பவளிடமிருந்து கழிவது. எல்லோரும் இரட்டிப்பாக உழைத்தாலும் முதலாளி கொடுப்பது கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளே எதிரி. ஒருத்தி வருஷத்துக்கு நூறு யென் சம்பாதித்து ஊரில் பேர் வாங்குவாள். இன்னொருத்தி அபராதம்போகக் கடனோடு திரும்புவாள். ஓடிப்போனால் வேறு ஆலை சேர்க்காமலிருக்க ஸுவா முதலாளிகள் தமக்குள் சங்கம் வைத்து, எந்தப் பெண் எந்த ஆலைக்குச் சொந்தம் என்று பதிவேடு வைத்தார்கள். பின்னாளில் உலகம் வியந்த பிசகில்லாத தரம் என்பதன் பூர்வகதை இது.

ஓடத்தான் செய்தார்கள். நிற்கவும் செய்தார்கள்: ஜப்பானில் பதிவான முதல் ஆலை வேலைநிறுத்தம் 1886ல் கோஃபு நகரின் அமெமியா பட்டாலையில், நூறு பெண்கள் வேலையை விட்டு வெளியேறியது. இடதுகால் செருப்புக் கதை சொல்கிறவர்கள் இதையும் சொல்லலாம். பிறவியிலேயே விசுவாசம் உள்ள ஜனங்களுக்குப் பதிவேடும் விடுதிக்குப் பூட்டும் எதற்கு?

யமமோட்டோவின் புத்தகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1909ல் நோயில் விழுந்த ஒரு பெண்ணைக் கூட்டிப்போகச் சொல்லி ஆலையிலிருந்து தந்தி வருகிறது. அண்ணன் வந்து அவளை முதுகில் சுமந்து நடக்கிறான். கணவாயின் உச்சியில், சொந்த ஊர்ப் பக்கம் கண்ணில் பட்ட இடத்தில், அவள் இறந்துபோகிறாள். 1979ல் வந்த சினிமா இதை வைத்துத்தான் ஜனங்களை அழவைத்தது. ஆனால் புத்தகத்தில் என்னைத் தொந்தரவு செய்த இடம் வேறு. அவர் பேசிய கிழவிகளில் மிகப் பலர் ஆலையில் சாப்பாடு நன்றாயிருந்தது என்றார்கள். வீட்டில் கிடைக்காத வெள்ளைச் சோறு. வேலை வயல்வேலையைவிட மோசமில்லை என்றார்கள். போனதற்காக வருத்தப்படவில்லை என்றார்கள். முற்போக்கு விமர்சகர்களுக்கு இந்தப் பகுதி சங்கடம் தரும். முதலாளிகளின் வக்கீல்களுக்கு உற்சாகம் தரும். இரண்டு பேரும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்தப் பதில் ஆலையைப் பற்றியது அல்ல, கிராமத்தைப் பற்றியது. 1873ன் வரியும் மட்ஸுகட்டாவின் விலைச்சரிவும் கிராமத்தை எங்கே கொண்டு நிறுத்தியிருந்தன என்பதன் அளவு அது. தவிரவும், உயிரோடு திரும்பி வயசானவர்களிடம்தான் யாரும் பேட்டி எடுக்கமுடியும்.

பருத்தியின் கதை இதைவிட வேகமானது. நமக்கும் கொஞ்சம் சம்பந்தமுள்ளது. எய்இச்சி ஷிபுஸாவா முதல் திரட்டி அமைத்த ஓஸாகா நூற்பாலை 1883ல் 10,500 கதிர்களோடு ஓடத் தொடங்கியது. இயந்திரம் லங்காஷயரில் ஓல்டம் ஊரின் ப்ளாட் கம்பெனியுடையது. ராத்திரியிலும் ஓட்டினால்தான் போட்ட முதலுக்கு ஈடாகும் என்பதால் இரண்டு ஷிப்ட், பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம். 1886ல் மின்விளக்கும் வந்தது. பஞ்சு பம்பாயிலிருந்து. கப்பல் கூலியில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் பிடியை உடைக்க ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானுக்கே போய்ப் பேச, 1893ல் நிப்பான் யூஸென் கம்பெனி பம்பாய்க்குக் கப்பல் விட்டது. பி அண்ட் ஓ கூலியை அடிமாட்டு விலைக்குக் குறைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. 1896ல் பஞ்சு இறக்குமதித் தீர்வையை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் சொந்தப் பருத்தி விவசாயி அத்தோடு தீர்ந்தான். 1897ல் நூல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. 1933ல் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியபோது இந்திய அரசாங்கம் பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு 75 சதம் சுங்கம் போட்டது. பதிலுக்கு ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. ஒரு வருஷத்தில் சமரசம். இடையில் 1929ல், ஓஸாகாவுக்கு இயந்திரம் விற்ற அதே ப்ளாட் கம்பெனி, ஸகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறிக் காப்புரிமையை விலைகொடுத்து வாங்கிப்போனது. மோட்டார் கம்பெனி பிறந்தது அந்தத் தறிப் பட்டறைக்குள்.

கம்பெனியே குடும்பம், முதலாளியே தகப்பன் என்ற பேச்சு இந்தப் பருத்தி ஆலைகளில்தான் முளைத்தது. இதைக் கன்ஃபூஷியஸ் வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. சம்பவம் வேறுவிதமானது. பல ஆலைகளில் சேர்ந்த பெண்களில் பெரும்பகுதி வருஷம் முடிவதற்குள் ஓடிப்போனார்கள். அரசாங்கமே 1903ல் வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. ஆளைப் பிடித்து நிறுத்த வழி தேடிய கனேபோ ஆலையின் ஸாஞ்ஜி முட்டோ, ஆலைப் பத்திரிகை, ஆலோசனைப் பெட்டி, பரஸ்பர உதவி நிதி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். நிதி ஜெர்மனியின் க்ரூப் பீரங்கி ஆலையைப் பார்த்துச் செய்தது. பத்திரிகை அமெரிக்காவில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியைப் பார்த்துச் செய்தது. ஜப்பானிய ஆன்மாவின் சாரம் என்று பின்னால் விற்கப்பட்டதன் வரைபடம் எஸ்ஸனிலிருந்தும் டேட்டனிலிருந்தும் வந்தது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு தனதாக்குவது சாமர்த்தியம்தான். ஆனால் தனதாக்கிய பின் அது என்றும் தனதாகவே இருந்தது என்று சொல்வது வேறு காரியம்.

உருக்கு, ராணுவம், காலனி பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, சுருக்கிக்கொள்கிறேன். 1895ல் சீனாவைத் தோற்கடித்து வாங்கிய நஷ்டஈடு, அரசின் ஒரு வருஷ வருமானத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல். பெரும்பகுதி ராணுவத்துக்கு; ஒரு சிறு பகுதியில் யவாட்டா உருக்காலை, 1901ல், ஜெர்மன் தொழில்நுட்பத்தோடும் சீனத்துத் தாய்யே சுரங்கத்து இரும்போடும். 1918ல் டோயாமா கடற்கரையில் மீனவர் மனைவிகள் தொடங்கிய அரிசிக் கலகம் நாடு முழுக்கப் பரவியபின், கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் அரிசி கொண்டுவரும் திட்டங்கள் வேகப்பட்டன. நகரத்துக்கு அரிசி மலிந்தது. ஜப்பானியக் கிராமம் இன்னொரு தரம் நசுங்கியது. 1930ல் அமெரிக்கா விழுந்ததும் பட்டு விலை பாதிக்கும் கீழே போயிற்று. 1931லும் 1934லும் வடகிழக்கில் விளைச்சல் பொய்த்தது. மகளை விற்க நேர்ந்தால் கிராம அலுவலகத்தில் கலந்துகொள்ளவும் என்று ஒரு கிராமத்தில் தொங்கிய அறிவிப்புப் பலகையின் புகைப்படம் இன்றும் காணக்கிடைக்கிறது. தங்க மதிப்பைக் கைவிட்டு, கடன் வாங்கிச் செலவழித்து நாட்டை மந்தத்திலிருந்து தூக்கிய நிதி மந்திரி தகஹாஷி, ராணுவச் செலவைக் குறைக்கப் பார்த்ததற்காக 1936 பிப்ரவரியில் இளம் அதிகாரிகளால் கொல்லப்பட்டார். அந்த அதிகாரிகள் தங்கள் சிப்பாய்களின் பட்டினிக் கிராமங்களின் பேரைச் சொல்லித்தான் வாளெடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. 1940ல் நைலான் காலுறை கடைக்கு வந்தது. பட்டின் காலம் முடிந்தது.

யுத்தத்துக்குப் பிந்திய அதிசயத்தை நாம் அறிவோம் என்று நினைக்கிறோம். 1949ல் டாட்ஜ் என்ற அமெரிக்க வங்கிக்காரர் ஒரு டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்து வரவுசெலவை இறுக்க, கம்பெனிகள் மூச்சு முட்டின. 1950ல் டொயோட்டாவில் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், நிறுவனர் ராஜினாமா. அந்த ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது; அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அண்டை நாட்டின் பிணங்களின் மேல்தான் எழுந்தார்கள் என்பது கடுமையான வாக்கியம். மாற்றி எழுத வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. ஆயுள்கால வேலை, மூப்புக்குத் தக்க சம்பளம் என்பவை கம்பெனிகள் கொடையாகக் கொடுத்ததல்ல. 1945க்குப் பிறகு தொழிற்சங்கங்கள் சண்டை போட்டு வாங்கியவை. அதற்கு விலையாகச் சங்கங்களின் முதுகெலும்பு பிற்பாடு முறிக்கப்பட்டது. நிஸ்ஸானில் 1953ல். மீய்கேயில் 1960ல், 1,200க்கு மேற்பட்டவர்களை நீக்கியதை எதிர்த்து ஏறக்குறைய ஒரு வருஷம் நீண்ட போராட்டத்தின் முடிவில். அந்தத் தோல்வி நடந்த வருஷத்திலேயே, பத்து ஆண்டில் வருமானத்தை இரட்டிப்பாக்கும் இகேடாவின் திட்டம் வந்தது. ஏழு வருஷத்திலேயே இரட்டித்தது. மீய்கேயில் 1963 நவம்பரில் கரித்தூள் வெடித்து 458 பேர் இறந்தார்கள்.

இங்கே நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல் ஒரு கூட்டம் இருக்கிறது. 1958ல் க்யூஷுவின் நிலக்கரிப் பிரதேசத்தில் கவிஞர் கான் டனிகாவா, எய்ஷின் உஎனோ, கஸுஎ மொரிஸாகி ஆகியோர் சேர்ந்து ‘வட்டக் கிராமம்’ என்று பொருள்படும் ஒரு சிறு பத்திரிகை நடத்தினார்கள். மூன்று வருஷம் தாண்டவில்லை. மொரிஸாகி சுரங்கத்துக்குள் இறங்கிக் கரி இழுத்த கிழவிகளின் பேச்சை அவர்கள் பாஷையிலேயே எழுதினார். உஎனோ மூடப்படும் சுரங்கங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றி எழுதினார். மினமாட்டாவிலிருந்து ஒரு குடும்ப ஸ்த்ரீ, மிசிகோ இஷிமுரே, அந்த வினோத நோயைப் பற்றி அதில் எழுதினார். பிறகு குமமோட்டோவின் இன்னொரு சிறு பத்திரிகையில் அதைத் தொடராக விரித்தார். 1969ல் அது ‘குகாய் ஜோதோ’ என்ற புத்தகமாயிற்று. அதற்குக் கிடைத்த ஓயா பரிசை அவர் மறுத்தார். சில நூறு பேர் படித்த பத்திரிகைகள் இவை. அதே வருஷங்களில் டோக்கியோவின் பொருளாதார அறிக்கைகள் வெளியிட்ட எண்கள் ஒன்றும் பொய்யில்லை. வளர்ச்சி விகிதம் சரிதான். ஆனால் அந்த எண்களில் கை நடுங்கிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் போன மீனவன் ஒருவன் இல்லை. சிறு பத்திரிகை இலக்கியத்துக்கு மட்டும் என்று நாம் வைத்திருக்கும் வேலியை நினைத்துக்கொள்கிறேன்.

கவாபட்டாவுக்கும் நியாயம் செய்யவேண்டும். ‘பனிநாடு’ நாவலில், பனிக்காலத்தில் மெல்லிய சிஜிமி துணி நெய்த மலைக்கிராமப் பெண்களைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. அவர் அறியாதவரில்லை. நெய்தவர்கள் போய்விட்டபின் துணி நிற்கிறது என்ற துக்கத்தோடு அவர் நின்றுகொள்கிறார். கூலி என்ன என்று கேட்பது அவர் கலையின் சுபாவமில்லை.

சுட்டுக்கொன்ற பையனின் பெயர் நொரியோ நகயாமா. 1954லிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை வடகிழக்குக் கிராமங்களிலிருந்து விசேஷ ரயில்களில் ஏற்றி டோக்கியோவின் உஎனோ நிலையத்தில் இறக்குவார்கள். பத்திரிகைகள் அவர்களைப் ‘பொன் முட்டைகள்’ என்றன. நகயாமா அப்படிக் கூட்டத்தோடு 1965ல் ஆவொமொரியிலிருந்து வந்தவன். பழக்கடையில் வேலை, பிறகு ஒவ்வொரு வேலையாக விட்டு ஓட்டம். சிறையில்தான் படித்தான். 1971ல் ‘அறியாமையின் கண்ணீர்’ என்று ஒரு புத்தகம் வந்தது. 1983ல் அவன் எழுதிய நாவலுக்கு ஓர் இலக்கியப் பரிசு கிடைத்தது. படித்திருந்தால், வறுமை இல்லாதிருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பது அவன் வாதம். செத்த நால்வருக்கும் அந்த வாதத்தால் ஒன்றுமில்லை என்பதும் உண்மைதான். 1997 ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். அந்த மார்ச்சில் மீய்கே சுரங்கம் மூடப்பட்டிருந்தது. அந்த நவம்பரில் ஹொக்கைடோ டகுஷொகு வங்கி திவாலானது. ‘நண்டுக் கப்பல்’ எழுதிய தகிஜி கொபயாஷியை 1929ல் வேலையை விட்டு நீக்கிய வங்கி அது. 1933ல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட அவருடைய நாவல் 2008ல், நிரந்தர வேலை கிடைக்காத இளைஞர்கள் கையில், லட்சக்கணக்கில் விற்றது.

இடையில் நடந்தவை தெரிந்தவை. 1973ல் எண்ணெய் விலை. 1985ல் யென்னை உயர்த்த ஒப்புக்கொண்ட நியூயார்க் கூட்டம். மலிந்த வட்டியில் ஊதிய நிலத்தின் விலை. 1989 டிசம்பர் 29ல் 38,915 என்று உச்சம் தொட்ட பங்குச் சந்தை. அந்த எண்ணை மறுபடி எட்ட 2024 பிப்ரவரி ஆயிற்று. உலகப் பொருளாதார வரிசையில் 2010ல் சீனாவும் 2023ல் ஜெர்மனியும் முந்திச் சென்றன. குடும்பமாக இருந்த கனேபோ பொய்க் கணக்கு எழுதிச் சிக்கி, 2007ல் கலைக்கப்பட்டது. டொமியோகா 2014ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

ஒரு புத்தகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பருத்தி ஆலைகளில் சிறுவயதிலிருந்து வேலை செய்த வகிஸோ ஹொஸோய், ஆலைப் பெண்களின் வாழ்வைப் பற்றி ‘ஜோகோ அய்ஷி’ என்று எழுதினார். ஆலைப் பெண்களின் சோக வரலாறு என்று பொருள். 1925 ஜூலையில் வெளிவந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார், இருபத்தெட்டு வயதில். அவர் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஆலைக்குப் போய்ச் சம்பாதித்துச் சோறு போட்டது அவருடன் வாழ்ந்த தோஷியோ. பெண்கள் விடுதிக்குள் நடப்பது ஓர் ஆணுக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சேதிகளில் பலவும் அவர் கொடுத்தவை. சட்டப்படி மனைவி அல்ல என்பதால் புத்தகத்தின் உரிமைத் தொகை அவருக்கு வரவில்லை. வேறு ஒருவரை மணந்தார், பிள்ளைகள் பெற்றார், யுத்தத்துக்குப் பிறகு நாட்கூலியாக மண் சுமந்தார், நாட்கூலிப் பெண்களுக்குச் சங்கம் கட்டினார். ‘ஜோகோ அய்ஷி’ பதிப்பு பதிப்பாக விற்றுக்கொண்டிருந்தது. 1980ல், எண்பதை நெருங்கும் வயதில், தோஷியோ தகாய் என்ற பெயரில் அவரே ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு: ‘என்னுடைய ஜோகோ அய்ஷி’.